நான் காலி என்று சொன்ன இரண்டு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் உன் வயலினும் சுகமாக இருக்க வேண்டும், உங்கள் இரண்டு பேரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் மற்றவருக்கு வேலை ஓடாது என்று எனக்குத் தெரியும். குளிர் குறைந்துவிட்டதா, அறை ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது என்றாயே, அதில் ஒரு பழைய துணியைச் சுருட்டிச் செருகி வை, விடுதிக்காரர்கள் வந்து சரிசெய்வார்கள் என்று காத்திருந்தால் நீ படிப்பையே முடித்துவிட்டு வந்துவிடுவாய். போனில் பேசாமல் இந்த மனுஷன் எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும், காரணம் இருக்கிறது, நின்றுகொண்டே படிக்காமல் உட்கார்ந்து படி. உன் அம்மா போனில், அப்பாவோட கடிதம் வருது, அதப் படிக்காம கச்சேரி நிகழ்ச்சி நிரல அச்சுக்குக் குடுத்துடாத என்று மட்டும் சொன்னாள், நீ பதறிப்போய்த் திரும்பத் திரும்பக் கேட்டாயாம், அவளே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். என் வாய் செய்த வேலையை என் கைதான் சரிசெய்ய வேண்டும். யாருக்கும் ஆபத்து ஒன்றும் இல்லை, பயப்படாதே.

முதலில் வீட்டுச் செய்தி. கண்ணாடிக் கடையில் உன் அம்மாவைச் சோதனை அறைக்கு மாற்றிவிட்டார்கள். இத்தனை வருடம் பின்னால் உட்கார்ந்து பிரேமுக்குள் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தவள் இப்போது சுவரில் இருக்கும் எழுத்துகளைக் குச்சியால் காட்டி வாசிக்கச் சொல்கிறாள், வீட்டுக்கு வந்தும் அந்தக் குரல் இறங்குவதில்லை, உப்பு டப்பா எங்கே என்று கேட்டால்கூட மேல் வரிசை, இடது பக்கம், அவசரப்படாம பாருங்க என்கிறாள். உன் மைக்செட் மாமா, நாங்கள் உன் கச்சேரியை நேரலையில் போனில் பார்க்கப்போகிறோம் என்று கேட்டதும் யாரோ அவரைக் கைநீட்டி அடித்துவிட்ட மாதிரி ஆகிவிட்டார், என் அக்கா பொண்ணு கச்சேரிய உள்ளங்கை அகலப் பெட்டியில கேக்கறதா, ஊர் சிரிக்காதா என்று கத்திவிட்டு மறுநாளே பீரோ உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கரைப் படியேற்றிக் கொண்டுவந்து கூடத்தில் நிறுத்திவிட்டார். கதவைத் திறந்தால் அதில் இடிக்கிறது, உன் அம்மா அதன் தலைமேல் மடித்த துணிகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே விடியற்காலை அல்லவா, கீழ் வீட்டுத் தையற்காரர் அந்தப் பெட்டி படியேறுவதைப் பார்த்துவிட்டு, எத்தன மணிக்கு ஆரம்பம்னு சொல்லிடுங்க, எப்படியும் தூங்க விடமாட்டீங்க, நானே மேல வந்து உக்காந்துக்கறேன் என்றார். காலண்டரில் இருபத்து மூன்றாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டது நான், அந்த வட்டத்துக்கு மேல் இன்னொரு வட்டம் போட்டது உன் அம்மா, மாமா வந்து மூன்றாவதாக ஒன்று போட்டதில் இப்போது தேதியே தெரியவில்லை.

இனி என் விஷயம். உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அங்கே யாராவது கேட்டால் ரோட்டுக்குக் காது வைக்கிறார் என்று நீ சொல்வாயாமே, அதைக் கேட்டு ஆபீசில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு சரியாக நானே சொன்னதில்லை. வண்டிகள் ஓடத் தொடங்குமுன் தெருவுக்குப் போவது, வால்வு மூடியைத் திறப்பது, நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குடிநீர்க் குழாயின்மேல் நிறுத்தி மறுமுனையில் இருக்கிற மரக்குமிழைக் காதில் வைத்துக்கொண்டு எங்கே தண்ணீர் கசிகிறது என்று கண்டுபிடிப்பது, சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டால் அந்த இடத்தில் மண்வெட்டி அண்ணன் தோண்டுவார். இருபத்தெட்டு வருடமாக இதுதான், ஆபீசில் என் பெயரை யாரும் சொல்வதில்லை, காது வந்தாச்சா, காதுக்கு ஒரு டீ சொல்லு, அவ்வளவுதான். போன வருடம் ஒரு நாள் மழை பெய்துகொண்டிருந்தது, நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன், மழை விழுகிறது, தகரக் கூரையில் தெறிக்கிறது, சத்தம் இல்லை. கண்ணாடி நன்றாக மூடிக்கொள்கிறது, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு கையை நீட்டினேன், கை நனைந்தது, ஜன்னல் திறந்துதான் இருந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது பாப்பா. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளாமல் போயின, உன் அம்மாவின் சாவிக்கொத்து, செய்தித்தாள் புரட்டுகிற சத்தம், மாடிப்படியில் யாரோ வருகிற சத்தம். கோபப்படாதே, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மீன் தொட்டிக்கு வெளியே நின்று பார்ப்பதுபோல் தெரு மொத்தமும் மெதுவாக நீந்திப் போகும், பேருந்து வாய் திறந்து மூடும், ஆட்கள் கையை ஆட்டிப் பேசுவார்கள், நான் என் மூச்சையும் என் காலடியையும் மட்டும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டு வீடு வந்து சேருவேன். வயசாகிறது, உலகம் கொஞ்சம் தணிந்து பேசுகிறது, அதில் என்ன தப்பு என்று விட்டுவிட்டேன்.

தப்பு என்ன என்று குளியலறைச் சுவர் சொன்னது. ஒரு நாள் வீட்டுக்குள் மெல்லிசாக ஸ்ஸ் என்று ஒரு சத்தம், விடாமல், இரவும் பகலும். எனக்குச் சந்தேகமே இல்லை, இது கசிவு, அதுவும் சுவருக்குள் கசிவு. இருபத்தெட்டு வருட அனுபவத்தோடு குளியலறைச் சுவரில் கோடு போட்டேன், கொத்தனாரை வரவழைத்து உடைத்தேன், உள்ளே குழாய் குழந்தை மாதிரி காய்ந்து தூங்குகிறது, ஒரு சொட்டு இல்லை. இன்னும் ஒரு அடி மேலே என்றேன், அங்கேயும் இல்லை. உன் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, இன்னும் எத்தன அடி இருக்கு, மேல் மாடி வீட்டுக்கே போயிடலாமா என்றாள். நான் தலைகுனிந்து வெளியே வந்து தெருவில் நின்றேன், அங்கேயும் அதே ஸ்ஸ், பேருந்தில் ஏறினேன், பேருந்திலும் ஸ்ஸ், அப்போதாவது புரிந்திருக்க வேண்டும், ஊர் முழுக்கக் கசிகிறது என்று நினைத்த ஒரே ஆள் நான்தான். அடுத்த மாதம் முடிதிருத்தும் கடை வாசலில் நான் கோடு போட்ட மூன்று இடத்திலும் தோண்டி மூன்றிலும் ஈரம்கூட இல்லை. மண்வெட்டி அண்ணன், நாலாவது கோட்டை நான் போடுமுன் என் தோளைத் தட்டி, நீங்க போய் டீ குடிங்க, நான் சும்மா இங்க ஒரு தடவ பாக்கறேன் என்று தானே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து வெட்டினார், தண்ணீர் பீறிட்டு வந்தது. எனக்கு அசடு வழிந்தது, ஆனாலும் இதை வெளியே சொல்ல முடியுமா, காது என்று பெயர் வாங்கியவனுக்குக் காது கேட்கவில்லை என்றால் அப்புறம் நான் யார். அதனால் பூசி மெழுகப் பழகிக்கொண்டேன். நீ போன் பண்ணும்போது நானே வளவளவென்று பேசிவிட்டு உன் முறை வந்ததும் லைன் சரியில்லைம்மா, அம்மாகிட்ட தர்றேன் என்று கொடுத்துவிடுவேன், நீயும் பாவம் அந்தப் போன் கம்பெனியை எத்தனை தடவை திட்டியிருப்பாய்.

இந்த நிலைமையில்தான் இரண்டு மாதத்துக்கு முன் உன் பதிவு வந்தது. கச்சேரியில் மற்றவர்கள் இயற்றியதை எல்லாம் வாசித்துவிட்டுக் கடைசியாக நீயே இயற்றியதை வாசிக்கப்போகிறாய், பதினோரு நிமிடம், நீ வயலின், உன் தோழி பியானோ, நாலு வருடப் படிப்பும் அந்தப் பதினோரு நிமிடத்தில்தான் வந்து நிற்கிறது என்று எழுதியிருந்தாய். கூடவே, அப்பா, இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, உங்க காதுக்கு எங்க இடிக்குதோ அத மட்டும் சொல்லுங்க, அதுபடி செய்யறேன் என்றும் எழுதியிருந்தாய். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பியானோவின் தடித்த பக்கம் கேட்டது, யாரோ யோசனையோடு மாடிப்படி ஏறுவதுபோல் இருந்தது, உன் வயலினும் கனமான தந்தியில் போகும்போது கேட்டது, மேலே ஏறினால் காணாமல் போய்த் திரும்பிவந்தது. ஆறரை நிமிடம் ஆனதும் எல்லாம் நின்றுபோயிற்று. பதிவு அறுந்துவிட்டதா என்று பார்த்தால் எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, இரண்டு நிமிடம் ஒன்றுமே இல்லை, பிறகு பியானோ மறுபடி படியேறுகிறது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அதேதான். இந்த இடத்தில் என்னம்மா இருக்கிறது என்று உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், உன் அம்மாவைக் கூப்பிட்டு இதைக் கேளேன் என்று சொல்லியிருக்கலாம். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. அதற்குப் பதிலாகப் போனை எடுத்துப் பெரிய வித்துவான் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாம் பிரமாதம், நடுவுல ரெண்டு நிமிஷம் ஆளில்லாத வீடு மாதிரி காலியா கிடக்குது, எதுக்கு அது, எடுத்துடு என்றேன். நீ ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ அன்று என்ன சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன் உன் அம்மா சாப்பாட்டு மேஜையில் பெருமையாகச் சொன்னாள். நீ அந்த இரண்டு நிமிடத்தை வெட்டிவிட்டாயாம், உன் வயலின் ஆசிரியை அதுதான் முழுவதிலும் உன்னுடைய இடம், அதைப் போய் எடுப்பாயா என்று உன்னோடு வாதாடினாராம், நீ எங்கப்பா காது பொய் சொல்லாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயாம். எனக்குச் சாப்பாடு இறங்கியதா இல்லையா, நன்றாக இறங்கியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன். அடுத்த நாள் மதியம் உன் அம்மா மாமா கொண்டுவந்த பெட்டியில் உன் பழைய பதிவைப் போட்டுக்கொண்டு துணி மடிக்க உட்கார்ந்தாள், அந்தப் பெட்டியில் எனக்கும் முன்பைவிடக் கொஞ்சம் நன்றாகவே கேட்டது, தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்தது, நின்றது. பாத்தியா, இங்கதான் காலி என்று கையை நீட்டிக் காட்டினேன். உன் அம்மா பாதி மடித்த போர்வையைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள், அவள் கண் நிறைந்திருந்தது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காதைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் எதிரே நின்று உதடு நன்றாகத் தெரியும்படி, என்னங்க, இது ஓடிக்கிட்டுதான இருக்கு என்றாள். நான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். அவள், வேணாங்க, எங்க கடைக்கு வர்றவங்க எழுத்து தெரியாம குத்துமதிப்பா ஒண்ணு சொல்லிட்டு என் முகத்தையே பாப்பாங்க, அதே முகம் உங்களுக்கு, எத்தன மாசமா இப்படி என்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. ஊராருக்கெல்லாம் கண் சரிபார்க்கிறவள் வீட்டுக்குள் இருக்கும் காதைக் கவனிக்கவில்லையே என்று அன்று முழுக்கத் தன்னையே நொந்துகொண்டாள்.

இழுத்துக்கொண்டு போனாள் டாக்டரிடம். காது டாக்டர் கெட்டிக்காரர், மூக்குக் கண்ணாடி மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, உன் அம்மா எனக்கு என்ன நோய் என்பதைவிட அந்தக் கண்ணாடியை எப்போது கழற்றி நிமிர்த்துவது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கவையை எடுத்தார், நீ சுருதி பார்க்க வைத்திருப்பாயே, இரண்டு பல் உள்ள இரும்புக் கவை, அதுவேதான். முழங்கையில் தட்டிக் காதுக்கு முன்னால் பிடித்து, கேட்குதா என்றார், இல்லை. அதையே மறுபடி தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் வைத்தார். பாப்பா, தலைக்குள் யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அந்தச் சுருதி சுத்தமாக, முழுசாக, எந்தத் திரையும் இல்லாமல் உள்ளே வந்து நின்றது, நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன், டாக்டர் சிரித்தார். காதுக்குள்ளே அரிசி மணியைவிடச் சின்னதாக ஓர் எலும்பு இருக்கிறதாம், அது அசையாமல் இறுகிப்போய்விட்டதாம், துருப்பிடித்த கதவுக் கீல் மாதிரி, வெளியே இருந்து வரும் சத்தம் உள்ளே போக வழியில்லை, ஆனால் உள்ளே நரம்பு பழுதில்லை, நான் கேட்டுக்கொண்டிருந்த ஸ்ஸ் சத்தமும் அந்த எலும்பின் வேலைதானாம், அநியாயமாக ஒரு சுவர் போயிற்று. சின்ன ஆபரேஷன் செய்யலாம், இல்லையென்றால் கருவி மாட்டிக்கொள்ளலாம் என்றார். ஆபரேஷன் செய்தால் சில வாரம் காதில் கட்டுப் போட்டிருக்க வேண்டும், அதனால் இருபத்து மூன்றாம் தேதி ஆன பிறகுதான் என்று சொல்லிவிட்டேன். நீ அதைப் பற்றி ஒன்றும் யோசிக்காதே.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. எலும்பு வழியாகக் கேட்கும் என்றால் என்னிடம் கம்பி இருக்கிறதே. அடுத்த நாள் ஆபீசில் கம்பியை வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்றதும் ஸ்டோர்காரர், இன்னும் எந்தச் சுவர ஒடைக்கப்போறீங்க என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். மதியம் மூன்று மணி இருக்கும், உன் அம்மா கடையில் இருந்தாள், திரைச்சீலை வழியாக மஞ்சள் வெயில் கூடத்தில் பாதிவரை வந்து நின்றது. ஸ்பீக்கரின் மரப்பலகையில் கம்பியின் முனையை நிறுத்தினேன், மறுமுனையைக் காதில் வைக்காமல் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டேன், கண்ணை மூடிக்கொண்டேன். பியானோ படியேறியது, இந்தத் தடவை ஒவ்வொரு படியும் கேட்டது. நீ மேலே ஏறினாய், காணாமல் போகவில்லை. ஆறரை நிமிடம். எல்லாம் நின்றது, நிற்கவில்லை. நூல் மாதிரி ஒன்று மிச்சம் இருந்தது. வில்லைத் தந்திகளைத் தாங்குகிற குதிரைக் கட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலைத் தந்தியில் தொட்டும் தொடாமலும் வைத்து நீ அதை வாசித்திருக்கிறாய் என்று, நீ போனில் சொன்னதாக உன் அம்மா பிறகு சொன்னாள், எனக்கு அப்போது வயலின் என்றே தோன்றவில்லை. நான் தெருவில் இருந்தேன். கடைகள் மூடியிருந்தன, விளக்குக் கம்பங்கள் இன்னும் அணையவில்லை, ரோட்டுக்கு அடியில் எங்கேயோ தண்ணீர் தன் வழியைவிட்டு மெல்ல நழுவிப் போய்க்கொண்டிருந்தது, நெருங்கிவந்து விலகிப்போய், மூச்சு வாங்கி மறுபடி வந்து. எனக்கு அது தெரியும், என் வாழ்நாள் முழுக்க விடியற்காலையில் நான் கேட்டது அது ஒன்றைத்தான். உனக்கு ஆறு வயதில் உன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று உன்னை ஒரு நாள் வேலைக்குக் கூட்டிப்போனேனே, சிவப்புக் கம்பளித் தொப்பியோடு வால்வு மூடியின்மேல் உட்கார்ந்துகொண்டு எனக்கும் எனக்கும் என்று அடம்பிடித்தாய், கம்பியை உன் காதில் வைத்தேன், நீ வெகுநேரம் அசையாமல் இருந்துவிட்டு ரகசியமாக, அப்பா, உள்ள யாரோ தூங்கிக்கிட்டே பாடறாங்க என்றாய். இரண்டு நிமிடம் முடிந்து பியானோ வந்தபோது நான் கம்பியை எடுக்கவில்லை, பதிவு முடிந்து பெட்டி அமைதியான பிறகும் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, வெயில் சுவரேறிவிட்டது. பிறகு பதிவோடு நீ அனுப்பியிருந்த இசைத்தாள்களைத் தேடி எடுத்தேன், எனக்குப் படிக்கத் தெரியாத புள்ளிகள் என்று அன்றைக்குப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரியில் வைத்தவை. நாலாவது பக்கத்தில் அந்த வரிகளுக்கு மேலே பென்சிலால் பொடியெழுத்தில், தூங்கிக்கிட்டே பாடறவங்க என்று எழுதியிருக்கிறாய்.

அதைத்தான் நான் காலி என்று சொன்னேன் பாப்பா. உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் அதைக் காலி என்று சொல்லியிருக்கலாம், நான் சொல்லலாமா. வெட்கத்தில் இரண்டு நாள் உன் படத்தைப் பார்க்கவில்லை. கேட்கவில்லை என்று மூன்று வார்த்தை, இல்லை, ஒரே வார்த்தை, அதைச் சொல்ல எனக்கு வாய் வராமல் உன் நாலு வருடத்தில் நல்ல இரண்டு நிமிடத்தை வெட்டச் சொன்னேன். மன்னித்துவிடு என்று அப்பா மகளுக்கு எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை, எழுதிவிட்டேன். அதைத் திரும்பச் சேர்த்துவிடு. கூரியர்காரர் எட்டு நாளில் கைக்குப் போய்விடும் என்று சத்தியம் செய்கிறார், அப்படியென்றால் உனக்குக் கச்சேரிக்கு இன்னும் பத்து நாள் இருக்கும், பியானோ வாசிக்கிற பெண்ணிடம் அப்பா உளறிவிட்டார் என்று தாராளமாகச் சொல், அந்த இரண்டு நிமிடம் அவள் சும்மாதானே இருக்க வேண்டும், கஷ்டம் ஒன்றும் இருக்காது. உன் ஆசிரியையிடம் நீங்கள் சொன்னதுதான் சரி என்று என் சார்பில் சொல். ஆனால் ஒன்று, நான் சொன்னேன் என்று எடுத்த மாதிரி நான் சொன்னேன் என்று சேர்க்காதே. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அதை ஒரு தடவை வாசித்துப் பார், உன் காது என்ன சொல்கிறதோ அதன்படி செய், எங்கப்பா காது என்கிற பேச்சே இனி வேண்டாம், அதற்கு ஓய்வு கொடுத்தாயிற்று. வெட்டியபடியே இருக்கட்டும் என்று உனக்குத் தோன்றினால் அப்படியே இருக்கட்டும், நான் வருத்தப்படுவேன், வருத்தப்பட்டுவிட்டுப் போகிறேன். பதில் எழுதும்போது, அன்று போனில் நான் ஆமாம் ஆமாம் என்றேனே, அப்போது நீ என்ன சொன்னாய் என்று மட்டும் எழுது. கோபமாக ஏதாவது சொல்லியிருந்தாலும் அப்படியே எழுது.

வேறு என்ன. ஆபீசில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், எல்லோரும் எப்போதோ தெரிந்துவைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று இவர்கள் மறைத்திருக்கிறார்கள், இவர்களுக்குத் தெரியாது என்று நான் மறைத்திருக்கிறேன். கம்பியைக் காதில் வைக்காமல் எலும்பில் வைத்துப் பார்த்தேன், முந்தாநாள் போட்ட கோட்டில் முதல் வெட்டிலேயே தண்ணீர், மண்வெட்டி அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார். கச்சேரி அன்று நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு மேடை ஏறினால் கை நடுங்கும், இடது கை நகத்தை முதல் நாளே வெட்டிவிடு, அன்றைக்கு வெட்டினால் விரல் நுனி கூசும் என்று நீதான் சொல்வாய். மாற்றுத் தந்தி இரண்டு பெட்டியில் இருக்கட்டும். உன் அம்மா எழுதச் சொன்னது, கறுப்பு உடையைப் போட்டுக் கையை உயர்த்திப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், அக்குள் பிடிக்கிறது என்றால் தையலை இப்போதே பிரித்துவிட வேண்டுமாம், மேடையில் கண் கூசினால் மேலே பார்க்காமல் நேராகப் பார்க்க வேண்டுமாம். மாமா எழுதச் சொன்னது, நீ பயப்படாமல் வாசி, மீதியை அவர் பெட்டி பார்த்துக்கொள்ளும். அந்த விடியற்காலையில் கூடத்தில் உன் அம்மா, மாமா, போர்வையைப் போர்த்திக்கொண்டு தையற்காரர், எல்லோரும் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்கள், நான் மட்டும் பெட்டியை ஒட்டி ஸ்டூல் போட்டுக் கம்பியோடு உட்கார்ந்திருப்பேன், வேலைக்குப் போகிற நேரம்தான், வேலை செய்கிற மாதிரியேதான். நீ நினைத்தது நினைத்தபடி உன் விரலுக்கு வர வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உன் வில்லுக்கு உண்டு, நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த இடத்தைச் சேர்த்தாய் என்றால், அது வரும்போது, அப்பாவுக்குக் கேட்க வேண்டுமே என்று வில்லை அழுத்திவிடாதே. எழுதியபடியே, அவ்வளவு மெல்லிசாகவே வாசி. நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அன்பு,
அப்பா